இழுக்க வண்டி இல்லாமல் படகு ட்ரெய்லரை நகர்த்த: முட்டுக்கட்டையிலிருந்து தொடங்குங்கள்

படகு ட்ரெய்லர் மேல் உட்கார்ந்திருக்கிறது. இழுத்துப் போகக் கார் இல்லை, அல்லது கார் இருந்தும் அந்தச் சந்துக்குள் அது நுழையாது. போக வேண்டிய தூரமோ இருபது முப்பது மீட்டர்தான்: கொட்டகையிலிருந்து முற்றத்துக்கு, முற்றத்திலிருந்து கொல்லைப்புறத்துக்கு, அவ்வளவுதான். நாலு பேரைக் கூப்பிட்டு ஐலசா போட்டால் முடிந்தது என்று யாருக்கும் தோன்றும். நகர்ந்துவிடும், அதில் சந்தேகமே வேண்டாம். நகர்ந்தது நாம் சொன்ன இடத்தில் நிற்குமா என்பதுதான் கேள்வி.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது என்னுடைய 14 அடி அலுமினியப் படகு. சமதளம் என்று நான் நம்பிக்கொண்டிருந்த சிமெண்டுத் தரையில், ஒரு டயருக்கு அடியில் மட்டும் ஒரு செங்கல்லைச் செருகிவிட்டுக் காரிலிருந்து கழற்றினேன். செங்கல் நொறுங்கவில்லை, அது பாட்டுக்கு நின்றது. அடுத்த பக்கச் சக்கரம்தான் கிளம்பியது. செங்கல்லை அச்சாக வைத்துக்கொண்டு மொத்த ட்ரெய்லரும் நிதானமாக, யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல ஒரு அரைவட்டம் போட்டு மதில் சுவரில் போய் முட்டி நின்றது. நடுவில் ஆள் யாரும் இல்லை. மோட்டார் விசிறியின் ஒரு இதழ் வளைந்ததோடு போயிற்று.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்று சரியாக அடித்த டயர் கெட்டியான தரையில் உருள, மொத்த எடையில் சுமார் ஒன்றரை சதவீத விசை போதும். படகு, மோட்டார், ட்ரெய்லர் எல்லாம் சேர்ந்து 400 கிலோ என்றால் அது வெறும் 6 கிலோ. ஒரு கையால் தள்ளலாம். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: 10 மீட்டர் நீளத்துக்கு 15 சென்டிமீட்டர் இறக்கம் இருந்தாலே ட்ரெய்லர் தானாக உருளத் தயாராக நிற்கிறது என்று அர்த்தம். மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தரையில் விடும் வாட்டமே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

அதனால் முதல் கருவி முட்டுக்கட்டை. ஒருவர் காரியத்தைக் கெடுப்பவரைத் திட்டுவதற்கு நாம் பயன்படுத்தும் சொல்தான், ஆனால் இந்த வேலையில் உங்களுக்கு அதைவிட நல்ல நண்பன் கிடையாது. கெட்டி மரத்தில், டயரின் உயரத்தில் கால் பங்கு உயரம் வருகிற மாதிரி முக்கோணமாக அறுத்துக்கொள்ளுங்கள். சிறிய ட்ரெய்லர் டயருக்கு 12 முதல் 15 சென்டிமீட்டர் வரும். அடிப்பாகத்தில் பழைய டயர் ரப்பரை ஆணியடித்துவிட்டால் சிமெண்டில் வழுக்காது. பக்கவாட்டில் ஒரு துளை போட்டு ஒரு முழக் கயிறு கட்டுங்கள், சக்கரத்துக்கு அடியில் கையை விடாமலேயே கட்டையைப் போடவும் எடுக்கவும் முடியும். நாலு வேண்டும்: இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும். செங்கல், உருண்டைக் கல், கையில் கிடைத்த விறகுத் துண்டு எல்லாம் வேண்டாம், நான் பட்டது போதும்.

தள்ளுவதற்கு முன்னால் எடையைக் குறையுங்கள்

இதைப் பெரும்பாலானோர் செய்வதே இல்லை. படகின் அடியில் இருக்கும் வடிகால் மூடியைத் திறந்து முதலில் தேங்கிய தண்ணீரை விடுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. மழையில் கிடந்த படகில் 50, 60 லிட்டர் சாதாரணமாகத் தேங்கி நிற்கும். தண்ணீர் வெறும் பாரம் மட்டுமில்லை, நீங்கள் முன்பக்கத்தைத் தூக்கினால் பின்னால் ஓடும், இறக்கினால் முன்னால் ஓடும், அப்படி ஓடும்போது ட்ரெய்லரின் சமநிலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பெட்ரோல் டாங்க் 25 லிட்டர் நிறைந்திருந்தால் 18 கிலோவுக்கு மேல். பேட்டரி 20 கிலோ, நங்கூரமும் சங்கிலியும் ஒரு 10. எல்லாவற்றையும் இறக்கிக் கீழே வையுங்கள், அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். மோட்டாரைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள், ஆனால் அதற்கு முன்னால் அடுத்த பத்தியைப் படியுங்கள்.

ட்ரெய்லரின் முன்தண்டு தரையை நோக்கி எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் உங்கள் முதுகின் தலையெழுத்து. சாலையில் இழுக்கும்போது மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் முன்தண்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ட்ரெய்லர் வேகத்தில் பாம்பு மாதிரி ஆடும். 400 கிலோவுக்கு அது 20 முதல் 40 கிலோ. கையால் நகர்த்தும்போது அவ்வளவு தேவையில்லை, 10, 15 கிலோ இருந்தால் போதும். முன்பக்கம் இருக்கிற சாமான்களை எடுத்தாலே பாரம் குறைந்துவிடும். பின்னால் தொங்கும் மோட்டாரைக் கழற்றினால் நேர்மாறு: மொத்த எடை குறையும், முன்தண்டு கனக்கும். எவ்வளவு என்று தெரிய, ஆள் எடை பார்க்கிற சாதாரணத் தராசை எடுத்து, அதன் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கட்டையின் தலையில் கப்ளரை, அதாவது முன்தண்டின் நுனியில் காரோடு மாட்டுகிற பூட்டை, இறக்கிப் பாருங்கள். ட்ரெய்லர் சமமாக நிற்கிற உயரத்தில் பார்க்க வேண்டும்.

முன்தண்டு லேசாகிவிட்டது என்று மகிழ்ந்துபோய் யாராவது படகின் பின்பக்கம் ஏறினால் கதை கந்தல். ஒற்றை அச்சு ட்ரெய்லர் பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசா பலகை மாதிரி. பின்னால் ஒரு ஆள் ஏறினால் முன்னால் இருக்கும் இரும்பு எழும்பி, குனிந்து நிற்பவர் தாடையில் அடிக்கும். காரிலிருந்து கழற்றிய ட்ரெய்லரின் மேல் யாரும் ஏறக் கூடாது, குழந்தைகள் முக்கியமாக. வேலை முடிந்து ட்ரெய்லரை மறுபடி சாலையில் எடுக்கும் முன் சாமான்களைப் பழைய இடத்திலேயே வைத்து, முன்தண்டுப் பாரத்தைப் பழையபடி கொண்டுவர மறந்துவிடாதீர்கள்.

சக்கரம் சுற்றுகிறதா?

ஆறு மாதம் நின்ற ட்ரெய்லரைத் தள்ளினால் அசையவே அசையாது, உடனே இன்னும் இரண்டு ஆளைக் கூப்பிடத் தோன்றும். ஆள் பற்றாக்குறை இல்லை, பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரேக் உள்ள ட்ரெய்லரை ஹேண்ட் பிரேக் போட்டபடியே நிறுத்தி வைத்தால், உள்ளே இருக்கும் பிரேக் ஷூ துருப்பிடித்து டிரம்மோடு சேர்ந்துவிடும். ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டு முன்னும் பின்னுமாக ஆட்டிப் பாருங்கள், டிரம்மின் விளிம்பில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுங்கள், பெரும்பாலும் டக்கென்று விட்டுவிடும். விடும்போது ட்ரெய்லர் சட்டென்று உருளலாம், ஆகவே முட்டுக்கட்டை அதன் இடத்திலேயே இருக்கட்டும், சக்கரத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி.

பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். படகு ட்ரெய்லரின் சக்கரம் தண்ணீரில் முங்கி எழுகிற சக்கரம், அதுவும் உப்புத் தண்ணீர் என்றால் கிரீஸ் கழுவிப்போய்த் துரு ஏறுவதற்கு அதிக நாள் பிடிக்காது. ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். மணல் அரைக்கிற மாதிரி கரகரவென்று சத்தம் வந்தால் முதலில் பேரிங் வேலை, அப்புறம்தான் நகர்த்துகிற வேலை. டயருக்குக் காற்று, பக்கச்சுவரில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாமல். காற்று குறைந்த டயர் கெட்டித் தரையில் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

தரைதான் எஜமான்

சிமெண்டில் 6 கிலோ என்றேன். அதே 400 கிலோ புல்தரையில் ஏறினால் சுமார் 30 கிலோ ஆகிறது, உலர்ந்த தளர் மணலில் 100 கிலோ வரை போகும். ஒரு ஆள் மூச்சுவாங்காமல் தொடர்ந்து தள்ளக்கூடியது 10 கிலோ, கிளப்புவதற்கு ஒரு முறை 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் எத்தனை பேர் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம். மணலில் பத்துப் பேர் சேர்ந்து தள்ளுவதைவிட மணலை மாற்றிவிடுவது சுலபம். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை டயரின் இரண்டு மடங்கு அகலத்துக்கு நீளவாட்டில் அறுத்து, பக்கத்துக்கு இரண்டு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லர் ஒன்றைத் தாண்டியதும் பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் போட வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் புல்தரை சிமெண்டாகிவிடும்.

மூன்றாவது பாதை ஒன்று இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்: முன்தண்டின் கீழ் இருக்கும் ஜாக்கிச் சக்கரத்துக்கு. பெரும்பாலும் அது கையகலக் கெட்டி ரப்பர். கல் ஒன்று குறுக்கே வந்தால் நின்றுவிடும், ஈர மண்ணில் கத்தி மாதிரி இறங்கும், அப்போது பின்னாலிருந்து தள்ளுகிறவர்கள் இன்னும் வேகமாகத் தள்ளினால் அதன் தண்டு வளைந்தே போகும். அடிக்கடி கையால் நகர்த்துவீர்கள் என்றால் அதைக் கழற்றிவிட்டுக் காற்றடைத்த பெரிய சக்கரம் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இதைவிட நல்லது கை டாலி: இரண்டு காற்றுச் சக்கரம், நடுவில் கப்ளர் உட்காருகிற குண்டு, நீளமான ஒரு கைப்பிடி. பாரத்தை டாலி வாங்கிக்கொள்ளும், கைப்பிடியின் நீளம் உங்களுக்கு நெம்புகோலாகும், உங்கள் வேலை திசை காட்டுவது மட்டும்தான். மோட்டார் வைத்த டாலியும் வருகிறது, நடக்கும் வேகத்தில் ஊர்ந்து போகும். வாரத்துக்கு ஒரு முறை நகர்த்துகிறவருக்குச் சரி, வருஷத்துக்கு இரண்டு முறை நகர்த்துகிறவருக்கு அது இன்னொரு பேட்டரி பராமரிப்பு.

கிளப்புவதும் திருப்புவதும்

ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். சொல்கிறவர் தள்ளக் கூடாது, நாலு பக்கமும் தெரிகிற இடத்தில் நிற்கட்டும். "நிறுத்து" என்று யார் கத்தினாலும் எல்லோரும் நிறுத்த வேண்டும், அதற்கு மட்டும் அதிகாரம் எல்லோருக்கும் உண்டு. இன்னொருவருக்கு முட்டுக்கட்டையைத் தவிர வேறு வேலையே இருக்கக் கூடாது.

தள்ளுகிற இடம் ட்ரெய்லரின் இரும்புச் சட்டம். மட்கார்டு தகரம், அதில் கைவைத்தால் வளையும். மோட்டாரைப் பிடித்துத் தள்ளினால் அதைத் தாங்குகிற பின்பலகைக்குக் கேடு. இடித்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் வகை ட்ரெய்லர் என்றால் கப்ளரைப் பிடித்துப் பின்னோக்கித் தள்ளவும் கூடாது. கப்ளர் உள்ளே அமுங்கிப் பிரேக் பிடிக்கும், நீங்கள் தள்ளத் தள்ள அது இன்னும் இறுக்கும். முன்தண்டின் சட்டத்தில் கைவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. படகை ட்ரெய்லரோடு கட்டியிருக்கும் பட்டைகள் எல்லாம் இறுக்கமாக இருக்கட்டும், இருபது மீட்டர்தானே என்று அவிழ்த்துவிடாதீர்கள்.

கிளம்பும் அந்த முதல் அங்குலம்தான் கனம். டயர் நின்ற இடத்தில் சிறு பள்ளம் விழுந்திருக்கும். ஒரு நல்ல கடப்பாரையைச் சக்கரத்தின் பின்பக்கம், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு ஒட்டிச் செருகி, அடியில் ஒரு மரத்துண்டைத் தாங்கலாகக் கொடுத்து நெம்பினால் டயர் பள்ளத்தைவிட்டு வெளியே வரும். உடனே பின்னால் முட்டுக்கட்டை. மட்கார்டு மறைக்காத சக்கரம் என்றால் டயரின் உச்சியைப் பிடித்து உருட்டலாம்: உச்சியில் கொடுக்கும் விசைக்கு அச்சைப் பிடித்துத் தள்ளுவதைப்போல இரண்டு மடங்கு பலன். சேற்றில் சிக்கிய வண்டிக்கு எல்லோரும் சக்கரத்தில் கைவைப்பது சும்மா இல்லை. மட்கார்டு இருந்தால் இதைச் செய்யாதீர்கள், விரல் உள்ளே போய்விடும்.

திருப்புவது தள்ளுவதைவிடச் சுலபம், முறை தெரிந்தால். ஒரு சக்கரத்தை முன்னும் பின்னும் முட்டுக்கட்டை போட்டு நிறுத்திவிட்டு முன்தண்டைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். மொத்த ட்ரெய்லரும் அந்தச் சக்கரத்தை மையமாக வைத்துச் சுழலும், நான் மதிலில் மோதிய அதே வித்தைதான், இந்த முறை நம் சம்மதத்தோடு. அச்சிலிருந்து கப்ளர் வரை 4 மீட்டர் என்றால் மூக்கு 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேலான ஆரத்தில் வீசிக்கொண்டு வரும், பின்னால் மோட்டார் எதிர்ப்பக்கம் வீசும். அந்த இரண்டு வட்டத்துக்கும் இடம் இருக்கிறதா என்று தள்ளுவதற்கு முன்னால் காலால் நடந்து அளந்துகொள்ளுங்கள். இரட்டை அச்சு ட்ரெய்லர் இப்படித் திரும்பாது, டயர்கள் ஒன்றுக்கொன்று குறுக்கே தேய்க்கும். அதைக் கையால் திருப்ப முயல்வது என் பார்வையில் வீண். பாய்மரப் படகு என்றால் பாய்மரத்தைப் படுக்கவைத்த பிறகுதான் எதுவும், மேலே போகும் மின்கம்பியை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

சரிவு வந்தால்

100க்கு 5 என்ற சரிவே 400 கிலோவை 20 கிலோ விசையோடு கீழே இழுக்கும். படகு இறக்கும் சாய்தளம் பெரும்பாலும் 12 முதல் 15 சதவீதம், அங்கே 50 முதல் 60 கிலோ. ஈரமும் பாசியும் சேர்ந்துவிட்டால் ஆள் காலே நிற்காது. இத்தகைய இடத்தில் வெறும் கையால் பிடிப்பேன் என்று நிற்பவர் எவ்வளவு பலசாலி என்பது முக்கியமில்லை, தோற்பது நிச்சயம்.

இறக்கத்தில் கயிறு வேண்டும், கயிற்றைச் சுற்ற ஒரு கெட்டியான கம்பம் வேண்டும். ட்ரெய்லரின் சட்டத்தில் கட்டிய கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். உராய்வு என்ன செய்யும் என்பது இங்கே தெரியும்: கயிறும் கம்பமும் ஓரளவு பிடிப்போடு இருந்தால், இரண்டு முழுச் சுற்று உங்கள் பிடியைச் சுமார் 40 மடங்கு ஆக்கும். 60 கிலோவை ஒன்றரைக் கிலோவில் நிறுத்தலாம். வழுவழுப்பான குழாய் என்றால் இன்னும் ஒரு சுற்று. கயிற்றைக் கையில் மட்டும் சுற்றிக்கொள்ளாதீர்கள். ட்ரெய்லருக்குக் கீழ்ப்பக்கம் ஒருவரும் இருக்கக் கூடாது. முட்டுக்கட்டைக்காரர் பக்கவாட்டில் நடந்து வரட்டும்.

சரிவில் முன்தண்டின் பாரமும் மாறும். படகின் கனம் அச்சுக்கு மேலே இருப்பதால், மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்தால் பாரம் முன்னால் வந்து கனக்கும், மூக்கு மேல்நோக்கி இருந்தால் லேசாகும். 10 கிலோவாகக் குறைத்து வைத்தது மேட்டில் ஒன்றுமில்லாமல் போய்ப் பின்பக்கம் குடைசாயலாம். சரிவு இருக்கிற பாதை என்றால் முன்தண்டில் 20, 25 கிலோவாவது விட்டுவையுங்கள்.

மேட்டில் ஏற்ற, படகை ட்ரெய்லர் மேல் இழுக்க இருக்கிறதே அந்த வின்ச், அதையே பயன்படுத்தலாம். முதலில் படகின் மூக்கு வளையத்தைத் தனியாக ஒரு பட்டையால் ட்ரெய்லரோடு இறுக்கிக் கட்டுங்கள், ஏனென்றால் வின்ச் பட்டையை நீங்கள் இப்போது படகிலிருந்து கழற்றப் போகிறீர்கள். அதை முன்னால் இழுத்துப் போய் ஒரு மரத்திலோ கம்பத்திலோ மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் ட்ரெய்லர் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மேலே வரும். மரம் என்றால் அகலமான பட்டையைச் சுற்றி அதில் மாட்டுங்கள், வெறும் கம்பி மரத்தின் தோலை உரித்துவிடும். வின்ச் உயரத்தில் இருப்பதால் இழுப்பு முன்தண்டைக் கீழே அமுக்கும். ஜாக்கிச் சக்கரத்துக்கு அடியில் பலகை கட்டாயம். ஒவ்வொரு அரை மீட்டருக்கும் முட்டுக்கட்டை பின்னால் வந்துகொண்டே இருக்க வேண்டும், வின்ச்சின் பல்லை நம்பி ஓய்வெடுக்கக் கூடாது.

வின்ச் இல்லாதவர்கள் ராட்செட் வைத்த கைவின்ச் வாங்கலாம், அல்லது ட்ரெய்லரில் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றின் ஒரு நுனியைக் கம்பத்தில் கட்டி, மறுநுனியைக் கப்பி வழியாகக் கொண்டுவந்து மேல்நோக்கி இழுத்தால் வேண்டிய விசை பாதியாகும், இழுக்க வேண்டிய கயிறு இரட்டிப்பாகும். நைலான் கயிறு இங்கே கூடாது. அது நன்றாக நீளும், நீண்டது அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. எந்தக் கயிறானாலும் அதன் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள், நடுவில் ஒரு ஈரச் சாக்கைப் போட்டுவைத்தால் அறுந்தாலும் துள்ளல் குறையும்.

சில சமயம் எல்லாவற்றையும்விட நல்ல வழி, படகையும் ட்ரெய்லரையும் பிரித்துவிடுவது. சின்னப் படகு என்றால் நாலு பேர் தூக்கி இறக்கலாம், அல்லது காற்றடைத்த உருளைகளின் மேல் உருட்டலாம். வெறும் ட்ரெய்லரை ஒரே ஆள் கைவண்டி மாதிரி தள்ளிக்கொண்டு போய்விடுவார். கூச்சப்பட ஒன்றுமில்லை. பொதுச்சாலையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் இவை எதுவும் வேண்டாம், ஒரு வண்டியை இரவல் வாங்குங்கள்.

சேர வேண்டிய இடத்தில் சேர்ந்ததும் முதலில் நாலு முட்டுக்கட்டை, அதன் பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பது. முன்தண்டை ஜாக்கிச் சக்கரத்தில் மட்டும் விடாமல் ஒரு மரக்கட்டையின் மேல் உட்காரவையுங்கள், பின்பக்கச் சட்டத்துக்கு அடியில் இரண்டு முட்டுக் கொடுங்கள், அப்போதுதான் யாராவது பின்னால் ஏறினாலும் மூக்கு எழும்பாது. மூக்கைக் கொஞ்சம் உயரமாக நிறுத்தினால் மழைத்தண்ணீர் பின்னால் ஓடி வடிகால் துளை வழியாகப் போய்விடும், மூடியைத் திறந்தே வையுங்கள். அந்த மூடியை ஒரு கயிற்றில் கோத்து வின்ச்சின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுங்கள், அடுத்த முறை படகைத் தண்ணீரில் இறக்கப் போகும்போது கண்ணில் படாமல் போகாது.